வேண்டிக்கொள்ளாத மொட்டை

மே 3, சென்னை

எந்த மாத்திரை எப்போது போட்டேன், வீக்கம் எப்படி இருக்கிறது, தூக்கம் வந்ததா என்று தினமும் குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறாள் கிளினிக்கில் உட்கார்ந்திருக்கும் பெண். அதற்காகத்தான் இந்த நோட்டு. பம்ப் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் குப்பை கொட்டுகிறவனுக்கு எழுதி வைப்பது புதிதில்லை. லாட்ஜ் அறையில் டிவி வேலை செய்யாததால் மாத்திரையைத் தவிர மற்றதையும் எழுதுகிறேன்.

நாளைக் காலை என் தலையில் முடி நடுகிறார்கள். பின்மண்டையில் இருக்கும் முடியை வேரோடு ஒவ்வொன்றாக எடுத்து, முன்னால் வழுக்கையான இடத்தில் நடுவது. முழுத்தலையையும் மழித்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள்.

உடுமலையில் இருக்கும் அப்பா அம்மாவிடம் புனேவில் கம்பெனிப் பயிற்சி என்று சொல்லியிருக்கிறேன். பொள்ளாச்சியில் கட்டிக்கொடுத்திருக்கும் தங்கை கோகிலாவுக்கும் அதுதான். ஊர் திரும்பியதும் கோயமுத்தூரில் என் அறையிலேயே இரண்டு மாதம் இருந்துகொள்வேன். வேலை அதிகம் என்றால் நம்பிவிடுவார்கள்.

அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் சிரிப்பார். பிப்ரவரியில் எனக்குப் பெண் பார்க்கக் கோபிக்குப் போனபோது, பெண்ணின் அத்தை காப்பித் தட்டை என் பக்கம் நீட்டிவிட்டு, "மாப்ள எப்ப வருவாருங்க?" என்று என்னிடமே கேட்டார். திரும்பி வரும்போது காரில் அம்மாவும் கோகிலாவும் வாய் திறக்கவில்லை. அப்பாதான் தன் வழுக்கையைத் தட்டிக்கொண்டு, "எனக்கெல்லாம் முப்பதுலயே போயிருச்சு. உங்கம்மா கட்டிக்கலையா? விட்றா பூபாலா" என்று சிரித்தார். மின்வாரியத்தில் கம்பம் ஏறி ஏறி ஓய்வு பெற்றவர். எதையும் சிரித்தே கடந்துவிடுவார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மே 4

முடிந்தது. காலையில் போய் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வெளியே வந்தேன். மரத்துப்போவதற்குத் தலையைச் சுற்றிப் போட்ட ஊசிகள்தான் உயிரை எடுத்தன. பிறகு வலி இல்லை, சத்தம் மட்டும். மண்டையில் யாரோ கொறிப்பது போல. குப்புறப் படுக்க வைத்து, முகத்துக்கு மட்டும் ஓட்டை விட்ட மேஜையில், தரையைப் பார்த்துக்கொண்டே பாதி நாள். மதியம் இட்லி கொடுத்து, மல்லாக்கப் படுக்க வைத்து நட்டார்கள். நடும்போது இரண்டு பெண்கள் தங்கள் வீட்டு வாடகைக்காரரைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

கண்ணாடியில் பார்த்தேன். நெற்றிக்கு மேலே ஒரு கோடு. சிவப்புப் புள்ளிகள்தான், ஆனாலும் கோடு. இருபத்தைந்து வயதில் இருந்த அதே இடத்தில்.

மே 5

சாய்ந்தேதான் தூங்க வேண்டும். கழுத்துக்கு யூ வடிவத் தலையணை. தூக்கம் இல்லை. உப்புத் தண்ணீரை அடிக்கடி தெளிக்க வேண்டும். குனியக் கூடாது, தும்மினால்கூடப் பார்த்துத் தும்ம வேண்டும். எங்காவது இடித்துக்கொண்டால் நட்டது பிடுங்கிக்கொண்டு வந்துவிடுமாம்.

மே 6

காலையில் அம்மா போன் செய்தாள்.

"உங்கப்பாவுக்கு நெஞ்சக் கரிக்குதுங்கறாரு கண்ணு. தோள்பட்டை வேற இழுத்துப் புடிக்குதாம். ஒண்ணுமே சாப்பிடல."

"நேத்து என்ன சாப்பிட்டாரு?"

"காது குத்துக்குப் போயிட்டுப் பிரியாணி தின்னுட்டு வந்தாரு."

"அப்ப அதான். வாயுப் பிடிப்பும்மா. சோடா வாங்கிக் குடு."

"நீ ஒரு வார்த்த பேசேன். ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னா என்ற பேச்சக் கேக்கமாட்டேங்கறாரு. நீ சொன்னாக் கேப்பாரு."

தண்ணீர் தெளிக்கும் நேரம். மீட்டிங்கில் இருக்கிறேன், சாயங்காலம் கூப்பிடுகிறேன் என்றேன்.

சாயங்காலம் நெற்றி வீங்கத் தொடங்கிவிட்டது. அந்தப் பதற்றத்தில் கூப்பிடவில்லை. நாளைக்குக் கூப்பிட வேண்டும்.

மே 7

வீக்கம் கண்ணுக்கு இறங்கிவிட்டது. இடது கண் முழுக்க மூடிவிட்டது, வலது கண் கோடு போலத் திறக்கிறது. கிளினிக்கில் கேட்டால் இது சகஜம், தானாக வற்றிவிடும் என்கிறார்கள். சாப்பாடு கொண்டு வந்தவன் வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அம்மா வீடியோவில் கூப்பிட்டாள். இந்த முகத்தை எப்படிக் காட்டுவது? கட் செய்தேன். மறுபடி மறுபடி கூப்பிட்டாள். இங்கே டவர் சரியில்லை என்று செய்தி அனுப்பினேன். அதற்குப் பதில் வரவில்லை. அம்மாவுக்குச் செய்தி படிக்கத் தெரியும், அனுப்பத்தான் வராது.

மே 8

கோகிலா பேசினாள். நேற்று மத்தியானம் அப்பா குளியலறை வாசலில் சரிந்துவிட்டாராம். மாரடைப்பு. உடுமலையில் பார்த்துவிட்டு ஆம்புலன்ஸில் கோயமுத்தூருக்குக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறார்கள். ஐசியூவில் இருக்கிறார்.

"எங்கண்ணா இருக்கே நீ? எத்தன தடவ கூப்பிடறது? உடனே கிளம்பி வா."

"டிக்கெட் பாக்கறேன்."

"பிளைட்டுல வா."

"பாக்கறேன் கோகிலா."

கிளினிக்கில் கேட்டேன். நாளைக்கு வீக்கம் நன்றாக இறங்கிவிடும், இன்றைக்கு வெயிலிலும் தூசியிலும் போக வேண்டாம் என்றார்கள். இன்றைக்குப் புனேவிலிருந்து எதிலும் இடம் இல்லை, நாளை வருகிறேன் என்று கோகிலாவிடம் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டாள்.

டாக்டர்கள் இருக்கிறார்கள். கோகிலாவும் மாப்பிள்ளையும் கூட இருக்கிறார்கள். ஐசியூவில் யாரையும் உள்ளே விடப்போவதில்லை. நான் இன்றைக்குப் போய் என்ன வைத்தியமா பார்க்கப்போகிறேன்? யோசித்துப் பார்த்தால் ஒரு நாளில் எந்த வித்தியாசமும் இல்லை.

மே 9, கோயமுத்தூர்

காலை ரயிலில் கிளம்பி மத்தியானத்துக்கு மேல் வந்து சேர்ந்தேன். சீட்டில் தலை படாமல் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன். கிளினிக்கில் கொடுத்த தொளதொளப்பான துணித்தொப்பி. கண்கள் திறந்துவிட்டன, ஆனால் முகம் இன்னும் உப்பியிருந்தது. வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு வந்தேன். அலர்ஜி, தலையில் கட்டி, ஏதாவது. ஒன்றும் உருப்படியாகத் தோன்றவில்லை.

ஐசியூவுக்கு வெளியே நாற்காலி வரிசையில் அம்மா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பெரியப்பா. கோகிலாதான் முதலில் எழுந்து வந்தாள்.

"என்னண்ணா, மூஞ்சி ஏன் இப்பிடி இருக்கு?"

அம்மா வந்து என் கையைப் பிடித்தாள். முகத்தைப் பார்த்தாள். பிறகு தொப்பிக்குக் கீழே காதோரத்தையும் பிடரியையும் பார்த்தாள். சுத்தமாக மழித்திருந்தது.

"பழனிக்குப் போயிட்டு வர்றியா சாமி?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"அதான் நேத்தே வரலையா? டிக்கெட் இல்லைன்னு கோகிலா சொன்னப்பவே நெனச்சேன். என்ற புள்ள அப்பிடியெல்லாம் வராம இருக்கமாட்டானேன்னு." அவள் குரல் உடைந்தது. பெரியப்பா பக்கம் திரும்பி, "பாருங்க மாமா, அப்பனுக்காக முருகன்கிட்ட முடியக் குடுத்துட்டு வந்திருக்கான். அழுது அழுது மூஞ்சியெல்லாம் எப்பிடி வீங்கிக் கெடக்குதுன்னு பாருங்க" என்றாள்.

பெரியப்பா நாச்சிமுத்து யாரையும் லேசில் பாராட்டுகிறவர் இல்லை. எழுந்து வந்து என் முதுகில் கை வைத்தார்.

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த இடத்தில் எதுவும் சொல்ல முடியாது. யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

"சந்தனம் பூசலையா கண்ணு?" என்று தொப்பியைத் தொட வந்தாள். தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

"தொடாதம்மா. கத்தி பட்டிருக்கு."

மே 10

இன்றைக்கு என்னை உள்ளே விட்டார்கள். நர்ஸ் தொப்பியைக் கழற்றச் சொன்னார். வெளித் துணி உள்ளே வரக் கூடாதாம்.

அப்பாவுக்கு நினைவு இருந்தது. மூக்கில் ஆக்சிஜன் குழாய். கட்டிலில் ஆளே சிறுத்துப்போனது போல இருந்தார். என்னைப் பார்த்தார், பிறகு என் தலையைப் பார்த்தார். அங்கே விளக்கு ரொம்ப வெளிச்சம். நெற்றிக்கு மேலே பொருக்குகள் வரிசை வரிசையாகத் தெரிந்திருக்கும். அப்பா அறுபத்தெட்டு வயதிலும் கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்கிறவர்.

ஊசி செருகியிருந்த கையைக் கொஞ்சம் தூக்கினார். நான் குனியவில்லை. குனியக் கூடாது.

"வலிக்குதா?" என்றார்.

"எதுங்கப்பா?"

அவர் என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லீங்கப்பா" என்றேன்.

"ம்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

வெளியே வந்ததும் அம்மா கேட்டாள். "உன்ற மொட்டையப் பாத்தாரா? என்ன சொன்னாரு?"

"வலிக்குதான்னு கேட்டாரு."

"நெஞ்சுவலியில படுத்துக்கிட்டு உன்ற வலியக் கேக்கறாரு பாரு" என்று அழுதாள்.

மொட்டை போட்டால் எரியும்தானே. அதைத்தான் கேட்டிருப்பார்.

மே 11

ஆஸ்பத்திரி கழிப்பறையில் தாழ் போட்டுக்கொண்டு தண்ணீர் தெளித்தேன். பொருக்கு நன்றாகக் காய்கிறது.

மே 12

நேற்று அடைப்பைச் சரிசெய்து ஸ்டென்ட் வைத்தார்கள். இன்றைக்கு நாடித்துடிப்பு சீராக இருக்கிறது, நாளை மறுநாள் வார்டுக்கு மாற்றிவிடலாம் என்று டாக்டர் சொன்னார். அம்மா ஐந்து நாளில் முதன்முறையாகச் சாப்பிட்டாள். கேன்டீனில் பக்கத்து மேஜைப் பெண்ணிடம், "என்ற பையன் பழனியில மொட்ட போட்டுட்டு வந்தான், அன்னிக்கிருந்து அவருக்குத் தேவலை" என்று சொன்னாள். அந்தப் பெண்ணின் மகனுக்கு விபத்தாம். அவள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். நான் தோசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா வீட்டுக்கு வந்த பிறகு நிதானமாக எல்லோரிடமும் சொல்லிவிடலாம். அப்போது சிரித்துக்கொள்வார்கள். அப்பா கட்டாயம் சிரிப்பார்.

மே 13

அப்பா விடியற்காலையில் இறந்துவிட்டார். மறுபடியும் வந்த அடைப்பு.

மே 14, உடுமலை

மயானத்தில் முடி எடுக்கிறவர் கிண்ணத்தில் தண்ணீரோடு வந்து உட்கார்ந்தார். மூத்தவன், ஒரே மகன். மொட்டை போட்டுத்தான் கொள்ளி வைக்க வேண்டும். எனக்கு மழித்த இடமெல்லாம் அரும்பியிருந்தது. முன்பக்கம் பொருக்கோடு நட்ட முடி. கத்தி பட்டால் அத்தனையும் வழித்துக்கொண்டு வந்துவிடும்.

உட்கார்ந்தேன். தொப்பியைக் கழற்றினேன். அவர் பார்த்துவிட்டு, "என்னங்க இது, பூரா புண்ணா இருக்குது?" என்றார். சுற்றி நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எதிரே அப்பாவைக் கிடத்தி விறகு அடுக்கியிருந்தார்கள். முகம் மட்டும் தெரிந்தது.

பெரியப்பா முன்னால் வந்தார்.

"அது பழனியில அவசரத்துல எவனோ அறுத்துத் தள்ளியிருக்கான். சாமிக்குக் குடுத்த தலைங்க அது. மறுக்கா கத்தி வைக்கணும்னு இல்ல. மீசைய மட்டும் எடுங்க."

"முறைன்னு ஒண்ணு இருக்குதில்லீங்க" என்றார் யாரோ.

"முறைய நான் பாத்துக்கறேன். அப்பனுக்காகக் குடுத்துட்டு வந்தவனுக்கு இதுக்கு மேல என்ன முறை?"

மீசையை மட்டும் எடுத்தார்கள்.

பெரியப்பாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. கத்தி மேலுதட்டில் இருந்தபோது என் மனதில் என்ன இருந்தது என்று இங்கே எழுதப்போவதில்லை.

மே 29

கருமாதி முடிந்தது. பொருக்கெல்லாம் உதிர்ந்துவிட்டது. தலை சுத்தமாக, லேசான சிவப்போடு இருக்கிறது. நாளை கோயமுத்தூர் போய் வேலையில் சேருகிறேன். கோகிலா இன்னும் ஒரு வாரம் அம்மாவோடு இருப்பாள்.

ஜூன் 12

நட்ட முடி கொட்ட ஆரம்பித்துவிட்டது. காலையில் தலையணையெல்லாம் சிறு சிறு முடி. இது எல்லோருக்கும் நடப்பது, வேர் உள்ளே பத்திரமாக இருக்கும், மூன்று மாதத்தில் முளைக்கும் என்று முன்பே சொல்லியிருக்கிறார்கள். தெரிந்ததுதான். இருந்தாலும் குளியலறையிலேயே உட்கார்ந்து ரொம்ப நேரம் அழுதேன். முடிக்காக அழுகிறேன் என்றுதான் நினைத்தேன்.

ஜூலை 6

சனி ஞாயிறுகளில் உடுமலை போகிறேன். அம்மா சமைக்கிறாள், துவைக்கிறாள், அப்பாவின் சட்டைகளைக்கூடத் துவைத்துக் காயப்போட்டு மடித்து வைக்கிறாள். சாமி அலமாரியில் விளக்கு ஏற்றாமல் இருந்தது. துக்க வீடு, வருசம் திரும்புகிறவரை அப்படித்தான் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 10

ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் தெருவிலிருந்து காவடி கிளம்பியது. எத்தனையோ வருடமாக அம்மாதான் எல்லோருக்கும் பானக்கம் கரைத்துக் கொடுப்பாள். இந்தத் தடவை மேளச் சத்தம் கேட்டதும் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, அரிசியில் கல் பொறுக்குவதைத் தொடர்ந்தாள்.

"துக்கம் இருக்கறதால போகக் கூடாதாம்மா?" என்றேன்.

அவள் அடுத்த பிடி அரிசியை முறத்தில் பரப்பினாள்.

செப்டம்பர் 8

முளைக்கிறது! முதலில் நம்பவில்லை. விரலால் தடவினால் சொரசொரப்பு. ஆபீசில் பக்கத்து சீட்டு நவநீதன்கூட, "என்னப்பா, நெத்தி சின்னதாயிருச்சு?" என்றான். நாள் முழுக்க வேலை ஓடவில்லை. சாயங்காலம் அப்பாவுக்குப் போன் செய்து சொல்ல வேண்டும் போல இருந்தது. எதைச் சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

அக்டோபர் 20

கோகிலா போன் செய்தாள். "அண்ணா, நீ கவனிச்சியா? அம்மா முருகன் படத்தச் சுவத்தப் பாக்கத் திருப்பி வச்சிருக்கு."

"துக்கம்..."

"துக்கமும் இல்ல ஒண்ணும் இல்ல. கருமாதி முடிஞ்சா வீட்டுல விளக்கேத்தலாம். நாங்கேட்டேன். 'என்ற புள்ள தலையக் குடுத்தும் அவன் கேக்கல. அவன் மூஞ்சியில நான் முழிக்கமாட்டேன்'னு சொல்லுது. சஷ்டிக்கு ஆறு நாளும் தண்ணி கூடக் குடிக்காத பொம்பளண்ணா அது. இந்த மாசக் கிருத்திகைக்குக் கறி எடுத்துட்டு வரச் சொல்லி, தானே ஆக்கி, தானே தின்னுச்சு. தின்னுட்டு வாந்தி எடுத்துச்சு."

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன். பிறகு, "அண்ணா, நீ பழனியில எந்த முடிக்கொட்டாயில மொட்ட போட்டே?" என்று கேட்டாள்.

"ஏன்?"

"சும்மாதான்" என்று வைத்துவிட்டாள்.

நவம்பர் 2

முடி நன்றாக வந்துவிட்டது. சீப்பால் வாருகிறேன். வாராமல் போனாலும் கை தன்னால் தலைக்குப் போகிறது. முடி கோணலாக வந்திருந்தாலோ, வராமலே போயிருந்தாலோ பரவாயில்லை என்று சில நேரம் தோன்றுகிறது.

நவம்பர் 16, உடுமலை

இதை நடந்தபடியே எழுதிவிட வேண்டும்.

காலையில் எதிர்வீட்டு சரஸ்வதியக்கா வந்தார். அம்மா சமையலறையில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் கீழே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். அக்கா என் தலையைப் பார்த்து வாயைப் பிளந்தார்.

"ஏனுங்க ருக்மணியக்கா, தம்பிக்கு முடி எப்பிடி வந்திருக்குது பாத்தீங்களா! முன்னால வெறும் மைதானமா இருந்துச்சே. முருகன்கிட்டக் குடுத்த முடி அடர்த்தியாத் திரும்பி வந்திருக்குது. அவன் குடுத்ததை வச்சுக்கறவனா?"

அம்மா அரிவாள்மனையிலிருந்து நிமிர்ந்து என் தலையைப் பார்த்தாள். இத்தனை நாளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் இப்போதுதான் பார்க்கிறவளைப் போலப் பார்த்தாள்.

"ஆமா" என்றாள். "என்ற புருசன் உசுரக் கேட்டா, இவனுக்கு மசுரக் குடுத்திருக்கான்."

அம்மா அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. சரஸ்வதியக்கா அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார். அம்மா மறுபடி காயை எடுத்தாள். காய் கை தவறிக் கீழே விழுந்தது.

"அம்மா" என்றேன். "முருகன் குடுக்கல. நான் சென்னையில ஆபரேசன் பண்ணிக்கிட்டேன்."

"என்ன ஆபரேசன்?"

"முடிக்கு. பின்னால இருந்து எடுத்து முன்னால வைப்பாங்க. அதுக்கு மொட்டை அடிச்சாங்க. நான் புனே போகல. பழனிக்கும் போகல."

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பழனிக்கே போகலையா?"

"இல்லம்மா."

"அடிவாரம் வரைக்குங்கூட?"

"இல்ல."

"அப்ப அன்னிக்கு ஒரு நாள் வராம இருந்தது?"

"மூஞ்சி வீங்கியிருந்துச்சு. யாரும் பாக்க வேண்டாம்னு..." டம்ளரைக் கீழே வைத்தேன். "நீயாவே கேட்டே. நான் இல்லைன்னு சொல்லாம விட்டுட்டேன். அவன் மேல தப்பு இல்லம்மா. அவன்கிட்ட யாரும் எதையும் குடுக்கல."

அம்மா கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். அப்படி நடந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் அரிவாள்மனையை மடக்கிச் சுவரோரம் வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"ஐசியூ வாசல்ல உக்காந்துட்டு, அவரு பொழைச்சுட்டா பழனிக்கு நடந்தே வர்றேன், முடி எறக்கறேன்னு வேண்டிக்கலாம்னுதான் மஞ்சத்துணியில முடிஞ்சு வைக்கக் காசு எடுத்தேன். அந்நேரத்துக்கு நீ மொட்டையோட வந்து நின்னே. சரி, புள்ளையே குடுத்துட்டான், இனி நாமளும் போயிக் கேட்டா அவனை நம்பாத மாதிரி ஆயிரும்னு, காசை இடுப்புலயே சொருகிக்கிட்டேன்."

காசு சொருகிய இடுப்பைத் தடவினாள்.

"அப்ப உங்கப்பனுக்காக யாருமே வேண்டிக்கலையாடா?"

நான் கீழே விழுந்த அவரைக்காயை எடுத்து வைத்தேன்.

அவள் எழுந்து சாமி அலமாரிக்குப் போனாள். படத்தைத் திருப்பி வைக்கும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அவள் அழுதது என்னிடம் இல்லை. "உன்னையப் போயி வைதுட்டேனே, உன்னையப் போயி வைதுட்டேனே" என்று அவனிடம்.

நவம்பர் 17

விளக்கு எரிகிறது. அம்மா என்னோடு பேசவில்லை. சாப்பாடு போட்டு மூடி வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டாள். நான் அந்த நேரத்தில் போன் எடுத்திருந்தாலோ, முதல் நாளே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருந்தாலோ என்று ஒருநாளும் அவள் கேட்டதில்லை. நான்தான் இப்போது கேட்டுக்கொள்கிறேன். இங்கே எழுதிய ஆறாம் தேதியைத் திருப்பிப் படித்தேன். வாயுப் பிடிப்பு என்று நான் சொன்னது அப்படியே என் கையெழுத்தில் இருக்கிறது.

டிசம்பர் 15

பெரியப்பாவிடம் போய்ச் சொன்னேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவர் வாளியைக் கீழே வைத்தார். "மயானத்துல வச்சு என்னைப் பொய் பேச வச்சுட்டியே" என்றார். அவ்வளவுதான். காப்பி குடித்துவிட்டுப் போ என்று எப்போதும் சொல்கிறவர், இன்றைக்குச் சொல்லவில்லை.

கோகிலாவுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. "பிடரியில புள்ளி புள்ளியா தழும்பு இருந்துச்சு. பழனி மொட்டையில அது எப்பிடி வரும்?" என்றாள். "ஏன் சொல்லல?" என்றேன். "நீயே சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றாள்.

ஜனவரி 10

தரகர் ஒரு ஜாதகம் கொண்டு வந்தார். என் புதுப் போட்டோவைப் பார்த்துவிட்டுப் பெண் வீட்டில் சம்மதமாம். அம்மா ஜாதகத்தை வாங்கி, வருசம் திரும்பட்டும் என்று சொல்லி அலமாரியில் வைத்துவிட்டாள். என் பக்கம் திரும்பவில்லை.

ஜனவரி 19, உடுமலை

தைப்பூசத்துக்குத் தெருப் பெண்கள் பழனிக்கு நடக்கிறார்கள். அம்மாவும் போகிறாள். வருசம் திரும்பாமல் போகலாமா என்று சரஸ்வதியக்கா கேட்டதற்கு, "அது எனக்கும் அவனுக்கும் உள்ள கணக்குங்க" என்றாளாம்.

இன்றைக்குப் பாதயாத்திரைக்கு உடுத்தும் பச்சைச் சேலையைத் துவைத்துக் காயப்போட்டாள். பையில் ஒரு பாட்டில் தண்ணீர், பேரீச்சம்பழம், கால் வலிக்குத் தைலம். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முழங்கால் வலிக்காரி. அவ்வளவு தூரம் எப்படி நடப்பாள் என்று தெரியவில்லை.

"எதுக்கும்மா போறே? அவரே இல்லையே."

கேட்டிருக்கக் கூடாது. ஆனால் அவள் பதில் சொன்னாள். நவம்பருக்குப் பிறகு என்னிடம் அவள் சேர்ந்தாற்போலப் பேசியது இதுதான்.

"கேக்கறதுக்குப் போகல. வாய்க்கு வந்தபடி வைதிருக்கேன். மன்னிச்சுக்கன்னு சொல்லிட்டு வரணும்."

பையின் வாயைக் கட்டினாள். முடிச்சு சரியாக விழாமல் அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

"நானும் வரட்டுமா?" என்றேன்.

அவள் என் தலையைப் பார்த்தாள். பிறகு என் கண்ணைப் பார்த்தாள், எத்தனையோ நாளுக்குப் பிறகு.

"வர்றதுன்னா வா. ஆனா உனக்குன்னு அவன்கிட்ட ஒண்ணும் கேக்காத."

சரி என்றேன்.